ஏஆர்488 அடாப்டர்: கடையில் மிச்சம், சி நிரலில் செலவு

பெங்களூரில் பீன்யா, ஜிகணி பக்கத்துச் சின்ன கேலிப்ரேஷன் லேப்களில் இன்னும் சளைக்காமல் உழைக்கிற மீட்டர்கள் என்றால் ஹெச்பி 34401ஏ, கீத்லி 2000. இரண்டின் முதுகிலும் 24 பின் ஜிபிஐபி சாக்கெட் (அளவுக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் பழைய பொதுக் கேபிள், அதாவது பஸ்) இருக்கும், யூஎஸ்பி இருக்காது. லேப்டாப்பில் யூஎஸ்பி இருக்கும், ஜிபிஐபி இருக்காது. நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். கம்பெனி அடாப்டர் புதிதாக வாங்குகிற காசுக்கு செகண்ட் ஹேண்டில் இன்னொரு மீட்டரே வந்துவிடும் என்பதால், ஆர்டுயினோ போர்டில் ஏஆர்488 என்ற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரை ஏற்றி வேலையை முடிக்கப் பலரும் பார்க்கிறார்கள்.

ஒரே ஒரு கருவிக்கு அது அருமையான பொருள். இரண்டாவது கருவியை அதே கேபிளில் மாட்டியதும் கதை மாறுகிறது. குறை வன்பொருளில் பாதி, முகவரியை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார் என்பதில் மீதி. சி மொழியில் நிரல் எழுதுகிறவருக்குப் பின்னதுதான் பெரிய தலைவலி.

கீழே வருவதெல்லாம் மூன்று கருவி உள்ள ஒரு மேசையை வைத்து: 34401ஏ முகவரி 22, கீத்லி 2000 முகவரி 16, இ3631ஏ பவர் சப்ளை முகவரி 5. மூன்றும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கிற எண்கள். செயற்கூறுகள், கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். நிரலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எஸ்பி ரோடு பட்டியல்

பெங்களூர் எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்க வேண்டியவை: ஆர்டுயினோ ஊனோ அல்லது நானோ, 24 பின் ஜிபிஐபி கனெக்டர், ரிப்பன் வயர். அவ்வளவுதான். ஊனோவில் சீரியலுக்கு இரண்டு பின் போனால் மீதி 18. ஜிபிஐபிக்கு டேட்டா 8, ஹேண்ட்ஷேக் 3, மேலாண்மை 5, மொத்தம் 16 வேண்டும். சரியாக அடங்கிவிடுகிறது. 24-இல் மீதி 8 பின்களும் கிரவுண்டும் ஷீல்டும். சோம்பல்பட்டு ஒரே ஒரு கிரவுண்டை மட்டும் இழுத்துவிடாதீர்கள்; எட்டையும் சேர்த்துக் கட்டுங்கள்.

கடையில் ‘சென்ட்ரானிக்ஸ்’ என்று மொட்டையாகக் கேட்டால் 36 பின் பிரிண்டர் கனெக்டரை எடுத்து வைத்துவிடுவார்கள். ‘24 பின்’ என்று சொல்லிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு பழைய ஜிபிஐபி கேபிளை வெட்டிக்கொள்வது நல்ல வழி. வெட்டுமுன் ஸ்க்ரூவின் நிறத்தைப் பாருங்கள்: கறுப்பு என்றால் மெட்ரிக், வெள்ளி நிறம் என்றால் பழைய அங்குல மரை. ஒன்றை மற்றதில் திணித்தால் மரை கெட்டுவிடும், கருவியின் முதுகில் இருப்பதும் சேர்ந்து கெடும்.

வன்பொருள் எல்லை இங்கேதான் வருகிறது. முழு பஸ்ஸை இழுக்க, ஜிபிஐபியின் தரமான ஐஇஇஇ 488 படி ஒரு டிரைவர், அதாவது கோட்டை இழுக்கும் சிப், 48 மில்லிஆம்ப் உள்ளிழுக்க வேண்டும். ஊனோவின் பின்னில் நிம்மதியாக எடுக்கக்கூடியது 20 மில்லிஆம்ப். ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு கோட்டிலும் 5 வோல்ட்டுக்கு 3 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 6.2 கிலோ ஓம் வைத்திருக்கும். கருவி கூடக் கூடச் சுமையும் கூடும். ஒன்றிரண்டு கருவி, குட்டை கேபிள் என்றால் கவலையில்லை. தரத்தின் உச்சவரம்பான 15 சாதனம், 20 மீட்டர் கேபிளை இதில் கனவு காண வேண்டாம். எஸ்என்75160, 75161 டிரைவர் சிப்களைச் சேர்த்துக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கட்டினால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

கேபிளில் முகவரி எப்படிப் போகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் எந்த அடாப்டரையும் எடைபோட முடியாது. ஜிபிஐபி முகவரி 0 முதல் 30 வரை. கன்ட்ரோலர், அதாவது நம் அடாப்டர், ‘இது கட்டளை’ என்று அறிவிக்கும் ஏடிஎன் கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு பைட் அனுப்புகிறது. ‘கேள்’ என்று சொல்ல முகவரியோடு 32-ஐக் கூட்டும், ‘பேசு’ என்று சொல்ல 64-ஐக் கூட்டும். 22-க்கு இவை 54, 86. ஆஸ்கியில் 54 என்பது ‘6’ என்ற எழுத்து, 86 என்பது ஆங்கிலப் பெரிய ‘வி’. 31 ஏன் கிடையாது என்பதும் இதிலேயே இருக்கிறது: 32+31 வருகிற 63 ‘யாரும் கேட்க வேண்டாம்’ என்ற கட்டளை, 64+31 வருகிற 95 ‘யாரும் பேச வேண்டாம்’. 34401ஏ-யின் மெனுவில் மட்டும் 31 வைக்க முடியும். வைத்தால் மீட்டர் பேசிக்கொண்டே இருக்கிற பிரிண்டர் முறைக்குப் போய்விடும், உங்கள் நிரல் சொல்வது எதுவும் அதன் காதில் ஏறாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய மீட்டர் ‘பதிலே சொல்லவில்லை’ என்றால் முதலில் பார்க்க வேண்டியது இது. ஷிஃப்ட் அழுத்தி மெனுவுக்குள் போய், இ பிரிவில் முதல் வரி.

பின்புறம் டிப் சுவிட்ச் உள்ள பழைய கருவிகளில் ஐந்து சுவிட்சுக்கு 1, 2, 4, 8, 16 என்று மதிப்பு. 22 என்றால் 16, 4, 2 மூன்றும் ஆன். பல கருவிகள் பவர் ஆன் ஆகும் நேரத்தில் மட்டும்தான் சுவிட்சைப் பார்க்கும். மாற்றியபின் ஆஃப் செய்து ஆன் செய்யாவிட்டால் பழைய எண்ணிலேயே நிற்கும்.

ஒரே மாடல் மீட்டர் இரண்டு, இரண்டிலும் 22 என்றால் நடப்பது வேடிக்கை. கட்டளை அனுப்பும்போது ஒரு குறையும் தெரியாது. இரண்டும் கேட்டு, இரண்டும் ரிலே ‘டிக்’ என்று மாற்றும். வாசிக்கும்போதுதான் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி எழுத்துகள் கலக்கும். எழுதுவது சரி, வாசிப்பது குப்பை என்றால் கேபிளைச் சந்தேகிக்குமுன் முகவரி மோதலைச் சந்தேகியுங்கள்.

ஏஆர்488-இல் முகவரி ஒரு குளோபல் வேரியபிள்

ஏஆர்488, பிரோலாஜிக்ஸ் என்ற கம்பெனி அடாப்டரின் கட்டளை வழக்கைப் பின்பற்றுகிறது. கணினிக்கு அது வெறும் சீரியல் போர்ட். இரண்டு கூட்டல் குறியோடு தொடங்கும் வரி அடாப்டருக்கு. மற்ற வரி கருவிக்கு. ‘++அட்ர் 22’ என்று ஒரு முறை சொன்னால், அடுத்து மாற்றும்வரை எல்லா வரியும் 22-க்கே போகும்.

நினைவு அடாப்டரில் இருக்கிறது, உங்கள் நிரலில் இல்லை. மீட்டருக்கு ஒரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதி), பவர் சப்ளைக்கு ஒரு த்ரெட் என்று எழுதினீர்களானால், ஒன்று ‘++அட்ர் 22’ சொல்லி முடித்து அளவைக் கேட்குமுன் மற்றொன்று ‘++அட்ர் 5’ சொல்லிவிடும். மீட்டரிடம் கேட்க வேண்டியது பவர் சப்ளைக்குப் போகும். மறுபக்கம் இன்னும் மோசம்: ‘வோல்ட்டேஜ் 12’ தவறான கருவிக்குப் போய்ச் சேரலாம். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒவ்வொரு கட்டளையும் தனித்தனியாகப் பார்த்தால் சரியே.

வழி இதுதான். கருவிக்கு ஒரு ஸ்ட்ரக்ட்: முதன்மை முகவரி, துணை முகவரி (ஒரே கருவிக்குள் இருக்கும் பகுதிக்கு), டைம்-அவுட். எழுதுவதும் வாசிப்பதும் ஒரே செயற்கூற்றில். அதற்குள் நுழைந்ததும் ம்யூடெக்ஸ் பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடுவது), பிறகு ‘++அட்ர்’, பிறகு கேள்வி, பிறகு ‘++ரீட் இஓஐ’ (பதிலின் முடிவைக் காட்டும் இஓஐ கோடு வரும்வரை வாசி), பதில் முழுதும் வந்தபின்தான் பூட்டைத் திறக்க வேண்டும். ‘முகவரி மாறவில்லை, அதனால் அனுப்ப வேண்டாம்’ என்று மிச்சம் பிடிக்காதீர்கள். நடுவில் ஆர்டுயினோ ரீசெட் ஆனால் அது சேமித்து வைத்திருந்த பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும். உங்கள் ஸ்ட்ரக்ட் மட்டும் 22 என்று நம்பிக்கொண்டிருக்கும். இரண்டு தனி நிரல்கள் ஒரே போர்ட்டைத் திறக்கக்கூடும் என்றால் ‘எஃப்-லாக்’ என்ற கோப்புப் பூட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

ரீசெட் என்றால் எப்போதோ நடப்பதல்ல. ஊனோவின் சீரியல் போர்ட்டைத் திறந்தாலே டிடிஆர் என்ற சீரியல் கோடு அசைந்து ஆர்டுயினோவே ரீசெட் ஆகும். பூட்லோடர் விழித்து ஓய்வதற்குள் அனுப்பிய முதல் வரிகள் அப்படியே காணாமல் போகும். ‘முதல் முறை ஓட்டினால் வராது, இரண்டாவது முறை வரும்’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஓப்பன் செய்தபின் 2 வினாடி தூக்கம், பிறகு தேங்கிய எழுத்துகளைக் கொட்ட டிசி-ஃப்ளஷ், பிறகு ‘++வெர்’ அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். டெர்மியாஸ் என்ற சீரியல் போர்ட் அமைப்பில் ஹெச்யூபிசிஎல் கொடியை அணைத்தால் மூடும்போது டிடிஆர் விழாது, அடுத்த திறப்பில் ரீசெட்டும் வராது. அதைவிட உறுதியான வழி, ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். ஃபர்ம்வேர் ஏற்றும்போது அதைக் கழற்ற மறந்தால் அப்லோட் ஆகாது, அவ்வளவே.

தொடக்கத்தில் அனுப்ப வேண்டிய மற்றவை: ‘++ஆட்டோ 0’, ‘++இஓஐ 1’, ‘++இஓஎஸ் 2’. கடைசியது கருவிக்குப் போகும் வரியின் முடிவில் எல்எஃப் (புது வரி எழுத்து) மட்டும் சேர்க்கும். ஆட்டோ 1-இல் இருந்தால் ஒவ்வொரு கட்டளைக்கும் பின் அடாப்டர் கருவியைப் ‘பேசு’ என்று தட்டும். கேள்வி கேட்காத கட்டளைக்கு மீட்டர் என்னத்தைப் பேசும்? 34401ஏ ‘பீப்’ என்று கத்தி -420 பிழையைப் பதிந்துகொள்ளும். மீட்டருக்கு அனுப்பும் ஒவ்வொரு ரீசெட் கட்டளைக்கும் அது கத்தினால் கட்டளையில் எழுத்துப் பிழை தேடாதீர்கள், ஆட்டோவைப் பாருங்கள்.

இன்னொன்று, இந்தக் கட்டளை வழக்கில் சிஆர், எல்எஃப், எஸ்கேப், கூட்டல் குறி ஆகியவற்றை அப்படியே அனுப்பினால் அடாப்டர் விழுங்கிவிடும். முன்னால் ஒரு எஸ்கேப் எழுத்து, அதாவது 27, வைக்க வேண்டும். ‘+5’ என்பது ‘5’ ஆவதில் நஷ்டமில்லை. பைனரி அலைவடிவத்தை ஃபங்ஷன் ஜெனரேட்டருக்கு அனுப்புகிறவர்களுக்குத்தான் நஷ்டம், அதுவும் எங்கே விழுங்கியது என்று தெரியாத நஷ்டம்.

கம்பெனி அடாப்டர்: முகவரி ஹேண்டிலில்

என்ஐ (நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்) ஜிபிஐபி-யூஎஸ்பி-ஹெச்எஸ் போன்ற அடாப்டரில் 488.2 லைப்ரரியின் ‘ஐபிடெவ்’ ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும்; அதுதான் ஹேண்டில். அடாப்டர் போர்டின் எண், முதன்மை முகவரி, துணை முகவரி, டைம்-அவுட், முடிவில் இஓஐ, முடிவு எழுத்து என்று ஆறு உள்ளீடு. மீட்டருக்கு ‘ஐபிடெவ்(0, 22, 0, 13, 1, 0)’. அதன்பின் எழுதும் ‘ஐபிடபிள்யூஆர்டி’, வாசிக்கும் ‘ஐபிஆர்டி’ எதற்கும் முகவரியைத் திரும்பச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு முறையும் கேள், பேசு பைட்களை லைப்ரரி தானே அனுப்பும். காசு கொடுத்து வாங்குவது வேகத்தை என்று பலர் நினைக்கிறார்கள். மேசை மீட்டருக்கு வேகம் யாருக்கு வேண்டும்? வாங்குவது இந்த ஹேண்டிலைத்தான்.

இதிலும் சி-க்கே உரிய குழிகள் உண்டு. நான்காவது உள்ளீடு வினாடி அல்ல, குறியீடு. 13 என்றால் 10 வினாடி. 10 வினாடி வேண்டும் என்று 10 போட்டால் கிடைப்பது 300 மில்லிவினாடி. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 34401ஏ பவர் ஆன் நிலையில் 10 மின் சுழற்சி அளக்க 200 மில்லிவினாடி, தன் பூச்சியத்தைத் தானே சரிபார்க்கும் ஆட்டோ ஸீரோவுக்கு இன்னொரு 200, ஆக 400. ஐபிஆர்டி ஒவ்வொரு முறையும் டைம்-அவுட்டில் விழும், பிழை எண்ணைச் சொல்லும் ஐபிஎர் 6 காட்டும். எண்ணை எழுதாமல் ‘டி10எஸ்’ என்ற மேக்ரோவை எழுதினால் இந்த வம்பே இல்லை.

முகவரி அட்டவணையை அழகாக வரிசைப்படுத்த 005, 016, 022 என்று எழுதுகிறவர்களும் உண்டு. சி-யில் முன்னால் பூச்சியம் வைத்தால் ஆக்டல், அதாவது எட்டின் அடிமானம். 022 என்பது 18. 016 என்பது 14. 005 மட்டும் தப்பிக்கும். 09 என்றால் கம்பைலரே கத்திவிடும், அது புண்ணியம். 022 கத்தாது, 18-இல் யாருமில்லை என்று ஐபிஎர் 2, அதாவது ‘கேட்பவர் இல்லை’ என்ற பிழை மட்டும் வரும். நீங்கள் கேபிளை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பழைய ஹெச்பி பேசிக் நிரலைச் சி-க்கு மாற்றும்போது 722 என்ற எண் வரும். 7 என்பது இன்டர்ஃபேஸ் எண், 22 முகவரி. அப்படியே 722 என்று ஐபிடெவ்-இடம் கொடுத்தால் ஐபிஎர் 4, தவறான உள்ளீடு. துணை முகவரி இருந்தால் இன்னொரு சிக்கல்: 488.2 லைப்ரரியிலும் பிரோலாஜிக்ஸ் வழக்கிலும் அது 96 முதல் 126 வரை. விசாவில் (எல்லா வகை இணைப்புக்கும் பொதுவான லைப்ரரி) 0 முதல் 30 வரை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது 96-ஐக் கழிக்க மறப்பதுதான் வழக்கம்.

மேசையில் எந்தெந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று தெரியாவிட்டால் ‘ஃபைண்ட்-லிஸன்’ செயற்கூறு 1 முதல் 30 வரை பட்டியலைக் கொடுத்தால் இருப்பவற்றைத் திருப்பித் தரும். பட்டியலின் கடைசியில் ‘நோ-அட்ர்’ வைக்க மறந்தால் அது நினைவகத்தில் கண்டபடி நடந்துபோகும்.

பஃபர் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 34401ஏ தரும் ஒரு அளவு, குறியும் புள்ளியும் அடுக்கும் சேர்த்து 15 எழுத்து, பிறகு எல்எஃப். மொத்தம் 16. ‘கேர் பஃப்[16]’ என்று அறிவித்து 16 வாசித்து, ‘பஃப்[ஐபிசிஎன்டிஎல்] = 0’ (ஐபிசிஎன்டிஎல் என்பது வாசித்த பைட் எண்ணிக்கை) என்று முடித்தால் ஒரு பைட் வெளியே எழுதிவிட்டீர்கள். பக்கத்து வேரியபிள் எதுவோ அதன் தலையில் விழும். 64 வையுங்கள், 63 வாசியுங்கள். ஏஆர்488-இல் ‘ரீட்’ ஒரே தடவையில் முழு வரியைத் தரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. எல்எஃப் வரும்வரை சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பைனரி பிளாக் என்றால் எல்எஃப்-ஐ நம்பவே கூடாது. தொடக்கத்தில் வரும் ‘#42000’ போன்ற தலைப்பைப் படியுங்கள்: 4 என்பது அடுத்து நான்கு இலக்கம் என்று சொல்கிறது, 2000 பைட் எண்ணிக்கை.

விசா நடுவில் வந்தால்

விசா லைப்ரரியில் முகவரி ஒரு சரம்: ‘ஜிபிஐபி0::22::இன்ஸ்டர்’. இதை ‘விஐ-ஓப்பன்’-இடம் கொடுத்தால் ஹேண்டில். நாளை நெட்வொர்க் உள்ள மீட்டர் வாங்கினால் சரத்தை ‘டிசிபிஐபி0::192.168.1.20::இன்ஸ்டர்’ என்று மாற்றினால் போதும், நிரலில் கை வைக்க வேண்டாம். அதனால் சரங்களை நிரலுக்குள் எழுதாமல் ஒரு கான்ஃபிக் கோப்பில் வையுங்கள். ஆனால் சாக்கெட் வகைச் சரத்துக்கு, அதாவது 5025 போர்ட்டோடு எழுதுவதற்கு, முடிவு எழுத்தை நீங்களே இயக்க வேண்டும். இல்லையென்றால் பதில் முழுதும் வந்தபின்னும் ‘விஐ-ரீட்’ காத்திருந்து டைம்-அவுட் ஆகும்.

விசாவின் இயல்பான டைம்-அவுட் 2000 மில்லிவினாடி. 34401ஏ-யில் மிக நுண்ணிய ரெசல்யூஷன் கேட்டால் 100 சுழற்சி: 50 ஹெர்ட்ஸில் 2 வினாடி, ஆட்டோ ஸீரோவோடு 4. ஒவ்வொரு முறையும் விழும். இந்த இடத்தில் ஏஆர்488-க்கு ஒரு பாராட்டு: பிரோலாஜிக்ஸ் அடாப்டரின் வாசிப்பு டைம்-அவுட் 3000 மில்லிவினாடிக்கு மேல் போகாது, ஏஆர்488 அதை 32,000 வரை அனுமதிக்கிறது.

ஆனால் ஏஆர்488-ஐ விசா ஜிபிஐபியாகப் பார்க்காது. அதற்கு அது ஒரு சீரியல் போர்ட். ‘ஜிபிஐபி0::22’ என்று ஏற்கெனவே எழுதி வைத்த சி நிரல் எதுவும் இதில் ஓடாது. மாற்றி எழுதத்தான் வேண்டும். லினக்ஸில் இருப்பவர்களுக்கு லினக்ஸ்-ஜிபிஐபி உண்டு; ஐபிடெவ் முதலிய பெயர்கள் அதே, ஹெடர் கோப்பும் லிங்க் கொடியும் மட்டும் வேறு. அதன் டிரைவர்கள் லினக்ஸ் கெர்னல் 6.13-இல் ஸ்டேஜிங் (இன்னும் பண்படாத டிரைவர்களுக்கான) பகுதி வழியாகச் சேர்ந்தன. கீசைட் கம்பெனியின் 82357பி அடாப்டர் வாங்கினால் செருகும் ஒவ்வொரு முறையும் ஃபர்ம்வேர் ஏற்றும் படி ஒன்று கூடும். என்ஐ ஹெச்எஸ்-க்கு அது வேண்டாம்.

எதை வாங்குவது

ஒரு மீட்டர், ஒரு நிரல், இரவெல்லாம் லாக் எடுப்பது: ஏஆர்488, கண்ணை மூடிக்கொண்டு. கல்லூரி லேபுக்கும் அதுவே; மாணவர் கையால் முகவரி பைட்டை அனுப்பிப் பார்த்தால் வேறு எதிலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும். மீட்டரும் பவர் சப்ளையும் சேர்ந்து வாடிக்கையாளர் கருவியைச் சோதிக்கிற மேசைக்கு, அதாவது தவறான முகவரிக்குப் போகும் 12 வோல்ட் யாருடைய பொருளையோ எரிக்கக்கூடிய இடத்துக்கு, நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பழைய கம்பெனி அடாப்டர் ஒன்றைத் தேடுங்கள்.

தேடும்போது, பெயர்பெற்ற லேபிளோடு நம்ப முடியாத விலையில் வருவது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். லேப்டாப்பில் டிரைவரை ஏற்றி எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் ஜிபிஐபி கருவி ஏதாவது ஒன்று நிச்சயம் தூசி படிந்து கிடக்கும். அதை ஆன் செய்யச் சொல்லி, ஃபைண்ட்-லிஸன் அதன் முகவரியைச் சரியாகச் சொல்கிறதா, ‘நீ யார்’ என்று கேட்கும் ஐடிஎன் கேள்விக்கு நூறு முறை தொடர்ந்து பதில் வருகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். பிறகு கருவியின் முகவரியை மாற்றி மறுபடி ஒரு முறை. இதற்கெல்லாம் பத்து நிமிடம் கூட ஆகாது. ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.